கொக்கியும் இரண்டு புள்ளியும்

"கஞ்சி போட்டுத் தரணும். ஆனா இஸ்திரி வேண்டாம்" என்று ஒருவர் எங்கள் சலவைக் கொட்டகையில் வந்து நின்றார். இடவப்பாதி மழை பிடித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கொடியில் போட்ட ஆஸ்பத்திரி விரிப்புகள் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா அந்த எரிச்சலில் இருந்தார்.

"இஸ்திரி போடாத துணிக்குக் கஞ்சி எதுக்கு சேட்டா? குடிக்கவா?"

"துடைக்க."

"கஞ்சி போட்ட துணியில எதத் துடைப்பாங்க? தோல் உரிஞ்சிடும்."

"மையைத் துடைக்க. செம்புத் தகட்டுல இருக்கற மையை."

அப்பா என்னைப் பார்த்தார். புரியாத விஷயம் எது வந்தாலும் என்னைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன். எந்தக் காலத்திலோ சிப்பாய்களின் துணி துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து எங்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். வந்த நாளிலிருந்து யாரும் துவைக்கிற கல்லை விட்டு நகரவில்லை. நான் பி.காம். முடித்து, அரசு வேலைக்கான பரீட்சைகளை எழுதிக்கொண்டு, எதிலும் தேறாமல், அப்பாவுக்கு வருகிற கடிதாசுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். செம்புத் தகட்டைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

கஞ்சி போட்ட துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால், காயலைப் பார்த்த ஒரு பழைய சுக்கு குடோன் அது. சுக்கு மூட்டைகள் போய் எத்தனையோ வருடம் ஆகியும் மழை பெய்தால் சுவர் மணக்கும். நடுவில் ஓர் அச்சு இயந்திரம். இரண்டு இரும்பு உருளைகள், அவற்றுக்கு நடுவே ஒரு பலகை, பக்கத்தில் கப்பல்காரன் பிடிக்கிற மாதிரி ஒரு பெரிய சக்கரம். கஞ்சித் துணி கேட்டு வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பாலக்காட்டுப் பக்கம், வீட்டில் தமிழ். பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்தவர். மலையில் அடிபட்டவர்களைத் தூக்கிக் கீழே இறக்குவது அவர் வேலை. அதை விட்டுவிட்டு வந்து, முப்பத்தைந்து வயதில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, பையன்களோடு பையனாக உட்கார்ந்து இந்தத் தொழிலைப் படித்திருந்தார். சேட்டன் என்றுதான் அவரைக் கூப்பிட்டேன்.

வேலை இப்படி. தகட்டில் மெழுகு பூசி, அதை ஊசியால் கீறி வரைவார். அமிலத்தில் முக்கினால் கீறின இடத்தை மட்டும் அமிலம் தின்னும். மெழுகை எடுத்துவிட்டு மை தேய்த்து, மேலாக இருக்கிற மையைக் கஞ்சித் துணியால் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால், பள்ளங்களில் தங்கிய மை காகிதத்துக்கு ஏறிவிடும். படம் இடம் வலம் மாறித்தான் வரும். தகட்டில் வலது கையால் சிகரெட் பிடிக்கிறவன் காகிதத்தில் இடது கைக்காரன் ஆகிவிடுவான். எழுத்து ஏதாவது வருகிற இடங்களில் மட்டும் சேட்டன் கண்ணாடியை வைத்துக்கொண்டு திருப்பி வரைவார்.

டிசம்பரில் அதே குடோனில் ஆறு படங்களை மாட்டப் போகிறார் என்று சொன்னார். எல்லாம் பட்டாளக்காரர்களைப் பற்றிய படங்கள். போர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாதான். இவர் படங்களில் யாரும் சுடவில்லை. ஒன்றில் துவைத்த ஒரு பாண்ட் பனியில் உறைந்து, யாரும் போடாமலே தானாக நின்றுகொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒருவன் வெறும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பீடி குடிப்பான். அதைப் பார்த்து நான் சிரித்தேன். எங்கள் கொடியில் காயாத துணி எனக்கு ஞாபகம் வந்தது. இன்னொன்றில் வீட்டுக்குப் பேச டெலிபோனுக்காக வரிசையில் நிற்கிறவர்கள். முதுகுகள் மட்டும்தான் தெரியும். அடுத்ததில் மலை முழுக்க வெள்ளை, ஒரு மூலையில் எறும்பு வரிசை மாதிரி ஸ்ட்ரெச்சர் தூக்கிகள். அந்தப் படத்துக்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வாரம் துடைக்கிற வேலை என் கைக்கு வந்தது. முதலில் கஞ்சித் துணி, அப்புறம் உள்ளங்கை. நான் தகடு பளபளக்கிறவரை துடைத்தேன். முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்தேன். அச்சு ஏறின காகிதத்தைச் சேட்டன் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"சுத்தமாத் துடைச்சிருக்கேன் சேட்டா."

"சுத்தமாத்தான் இருக்கு. கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு. அங்க மூணு நாளா வெயிலே கிடையாதுடா. பனி, புகை, மண்ணெண்ணெய் ஸ்டவ்வோட கரி. நீ லைட்டப் போட்டுக் குடுத்துட்ட."

"கறையக் கண்டா கை நிக்க மாட்டேங்குது."

"அப்ப ஒண்ணு செய். உங்கப்பாகூட சண்டை போட்டுட்டுப் போன வாடிக்கையோட துணின்னு நினைச்சுக்கோ. அவ்வளவு வெளுத்தா மதி, போதும்."

அப்படித்தான் கற்றுக்கொண்டேன். கறையில் கொஞ்சத்தை விட்டுவைக்க வேண்டும். எங்கே விடுவது, எவ்வளவு விடுவது என்று தகட்டை முகத்தருகே வைத்துப் பார்த்துப் பார்த்துத் துடைப்பேன். இல்லாவிட்டால் ஐந்தாவது தகட்டில் இருந்ததை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

மழை குறைந்து துலாம் மாதம், நம் ஐப்பசி, வந்தபோது ஐந்தாவது தகடு தயாரானது. ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற ஒருவனை மிகப் பக்கத்திலிருந்து, மேலேயிருந்து பார்க்கிற படம். கண்ணுக்குக் கீழே முகம் முழுக்கக் கட்டு. கண்கள் திறந்திருக்கும். சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு ஒரு பெரிய கை அவன் நெஞ்சின் மேல் இருக்கும். காலர் புரண்டு அதன் உட்பக்கம் தெரியும். உள்ளங்கையால் மையை வழித்துக்கொண்டே வந்தேன். காலரில் ஒரு கொக்கி தெரிந்தது. கொக்கியின் வயிற்றுக்குள் இரண்டு புள்ளிகள்.

என் கை அங்கேயே நின்றுவிட்டது.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அவரிடம் துணி போடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருந்தார். ஊசியால் சேங்கொட்டையைக் குத்தி, அதன் பாலைத் தொட்டு, காலரின் உட்பக்கமோ விரிப்பின் மூலையிலோ போடுவார். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதும் கறுத்துவிடும். துணி நைந்து கிழிகிற வரை போகாது. பக்கத்துக் கல்காரர்கள் எல்லாம் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவுக்கு நம்பரில் நம்பிக்கை இல்லை. சின்ன வயதில் எனக்கும் குறிகளைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். பள்ளிக்கூடத்து எழுத்துகள் வந்து அவற்றையெல்லாம் தள்ளிவிட்டன. இப்போது எனக்குத் தெரிந்தது முப்பது குறிகூட இருக்காது. ஆனால் இந்தக் குறியை மறக்க வழியில்லை.

மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற வீட்டின் குறி அது. வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா அங்கே தனியாக இருக்கிறார். எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது எல்லையில் பனிமலையில் இறந்துபோனான். அதற்கப்புறமும் மாதாமாதம் அந்த வீட்டு மூட்டையில், அம்மாவின் புடவைகளுக்கும் விரிப்புகளுக்கும் நடுவே, அவனுடைய மூன்று சட்டைகள் வந்துகொண்டிருந்தன. இரண்டு சாதாரணச் சட்டை, ஒன்று பட்டாளத்துப் பச்சை. போன மாதம் நாங்கள் போட்ட இஸ்திரி மடிப்புக் கலையாமல் அப்படியே வரும். அப்பா அவற்றை நனைத்து, கல்லில் அடிக்காமல் கையால் கசக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்புவார். "யாரும் போடாத துணிய எதுக்குப்பா துவைக்கணும்?" என்று ஒருமுறை கேட்டேன். "வந்தா துவைக்கணும்" என்றார்.

"சேட்டா, இது என்ன?" என்று காலரைக் காட்டிக் கேட்டேன்.

"அதுவா? ஏதோ கறை. மை சிந்தின மாதிரி இருந்துச்சு. முகம் கட்டுக்குள்ள போயிடுச்சு, பாக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. அதையேதான் பாத்துட்டிருந்தேன்."

"யார் இவரு?"

"தெரியாதுடா."

நான் நம்பாமல் பார்த்திருப்பேன். அவரே சொன்னார்.

"தூக்கறவங்க பேர் கேக்கறதில்ல. சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல, நாங்களா வெச்சுக்கிட்ட பழக்கம். பேர் தெரிஞ்சா கால் வழுக்கும்னு சொல்லுவாங்க. கழுத்துல அடையாள வில்லை தொங்கும், அதத் திருப்பிப் போட்டுருவோம். இவன் வேற யூனிட். தாடையில அடி, பேச முடியல. பாதையில பனி சரிஞ்சு மூடிருச்சு. ஒரு பாறைக்குக் கீழ நாங்க ரெண்டு பேர் மட்டும் உக்காந்திருந்தோம். காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும், ஒரு நாலு மணி நேரம். கண்ணத் தெறந்து என்னையே பாத்துட்டிருந்தான். விரலால என் கையில தட்டிட்டே இருப்பான். மத்தியானம் தட்டறது நின்னுது."

சக்கரத்தைச் சுற்றினோம். காகிதத்தை எடுத்தபோது கொக்கி மறுபக்கம் திரும்பியிருந்தது. எழுத்தென்று தெரிந்திருந்தால் கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வரைந்திருப்பார். அவருக்கு அது கறை.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் காலண்டர் தாளின் பின்பக்கம் குறியை வரைந்து அப்பாவிடம் காட்டினேன்.

"அரண்மனைக்குப் பின்னாடி வீடு. எந்தாடா, அதுவும் மறந்துபோச்சா?"

"வேற வீட்டுக்கு இதே குறி போட்டிருக்கியா?"

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். ரெண்டு வீட்டுக்கு ஒரே குறி போட்டா, நான் கல்ல வித்துட்டுப் போயிடணும்."

விஷயத்தைச் சொன்னேன். கடைசியாக லீவில் வந்தபோது அந்தப் பையன் இரண்டு பச்சைச் சட்டைகளைத் துவைக்கப் போட்டதும், ஒன்றைப் போட்டுக்கொண்டு போனதும் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. என் அம்மா மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ, வெடிச்ச உடனே போயிட்டான், ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டான்னுதானே பட்டாளத்துலேருந்து வந்தவங்க சொன்னாங்க? அவ அதச் சொல்லிச் சொல்லித்தான் ஒருவாய் சோறு திங்கறா. என்கிட்டயே எத்தன தடவ சொல்லியிருக்கா."

"அப்ப அது நெசம் இல்லைன்னு நமக்கு இப்ப தெரியுது இல்லையாம்மா."

"நமக்குத் தெரிஞ்சா?" என்றார் அப்பா. "எந்தப் பொண்ணுக்கு நாள் தள்ளிப்போச்சு, எந்தக் கிழவன் ரத்தம் துப்பறான், எவன் எங்க படுத்துட்டு வந்தான், எல்லாம் நமக்கு முதல்ல தெரியும். சொல்லியிருக்கமா? சொல்லியிருந்தா ஒரு வீட்டு வாசல்ல போய் நிக்க முடியுமா? துணியில பாத்தத நாம பேசறதில்ல."

"நான் துணியில பாக்கல. தகட்டுல பாத்தேன்."

"குறி போட்டது யாரு?"

"நீ."

"அப்ப அது என் துணி. வாய மூடிட்டு இரு."

ஐந்து நாள் இருந்தேன். தெரிந்ததை மறைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை அப்படியே நம்பியவன் நான். அதை நம்புவதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வீட்டில் மற்றவர்கள் துணிக்குள் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்கிறவர்கள், நான் அப்படியில்லை என்ற நினைப்பு. ஆறாவது நாள் சேட்டனிடம் சொல்லிவிட்டேன். குறி, வீடு, மூன்று சட்டைகள், எல்லாவற்றையும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் இருந்த ஊசியை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"வீட்ல என்ன பாஷை?" என்று கேட்டார்.

"என்ன சேட்டா?"

"அவங்க வீட்ல. என்ன பாஷை பேசுவாங்க?"

"தமிழ்தான். நம்மள மாதிரி."

வெளியே காயலில் ஒரு படகின் சத்தம் தேய்ந்தது.

"நாலு மணி நேரமும் ஹிந்தியில பேசினேன்டா. குச் நஹி பாய், குச் நஹி பாய்னு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு. பட்டாளத்துல எல்லார்கிட்டயும் பேசற ஹிந்தி. அவன் தட்டினானே, நீ தமிழான்னு கேட்டானோ என்னமோ. நான் பாலக்காடு, அவன் கொச்சி. ஒரு வார்த்தை நான் தமிழ்ல சொல்லியிருந்தா போதும். ஒண்ணுமில்லடான்னு ஒரு வார்த்தை."

அவர் அழவில்லை. துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். அப்புறம் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். மகன் தனியாக இருக்கவில்லை, ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்தான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார். உடனே இறந்ததாக அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னால் எவ்வளவு நேரம் என்ற கேள்வி வரும். ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றை எடுக்க வேண்டியிருந்தது.

"நீதான் அந்த வீட்டுக்குப் போய் வர்றவன்" என்றார் கடைசியில். "உனக்குச் சரின்னு பட்டா சொல்லு. அவங்க கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காட்டி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எனக்குச் சரி என்றுதான் பட்டது.

அந்த மாதத்து மூட்டையை நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா வழக்கம்போல முன்னறையில் பாயை விரித்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

"உக்காரு மோனே. சாயா போடறேன்."

"வேண்டாம்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

"சாயா குடிச்சுட்டுச் சொல்லு. உங்கப்பன் மாதிரி எப்பவும் ஓட்டம்தான் உனக்கும்."

குடித்துவிட்டுச் சொன்னேன். பஜார் ரோட்டு குடோனில் ஒருவர் பட்டாளத்துப் படங்களை அச்சடிக்கிறார், அந்தப் பனிக்காலத்தில் அதே மலையில் இருந்தவர், அடிபட்ட ஒருவரை வரைந்திருக்கிறார், காலரில் இந்த வீட்டுக் குறி இருக்கிறது. நான்கு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை பச்சைச் சட்டையின் மேல் இருந்தது. காலரை விரலால் நீவிக்கொண்டே இருந்தது.

"அங்க எத்தன மணிக்குத் தொறப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். அப்பா இஸ்திரி போட்ட இளநீல நூல் புடவை, கையில் குடை. சேட்டன் அன்றைக்குக் காலர் பொத்தான்வரை போட்ட சட்டை அணிந்திருந்தார். ஆறு படங்களையும் நீளமேசையில் வரிசையாக வைத்திருந்தேன். எனக்குப் பின்னால் சின்ன மேசையில் ஐந்தாவது தகடு, மை துடைத்த நிலையில் இருந்தது.

அந்த அம்மா அவசரப்படவில்லை. முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தானாக நிற்கிற பாண்டின் முன்னால் நின்று, சின்னதாகச் சிரித்தார்.

"இத அவன் சொல்லியிருக்கான். இங்க பாண்ட் நம்மளக் கேக்காம நடந்து போயிடும் அம்மான்னு. நான் புளுகுன்னு நினைச்சேன்."

"புளுகு இல்லம்மா" என்றார் சேட்டன்.

ஐந்தாவது படத்துக்கு வந்ததும் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். கட்டையும், கண்ணையும், அப்புறம் கையையும்.

"இந்தக் கை யாருது?"

"என்னுதும்மா."

மேசை மேல் ஊன்றியிருந்த சேட்டனின் கையைத் திரும்பிப் பார்த்தார். படத்தில் இருப்பதையும் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் வெச்சிட்டிருந்தீங்க?"

சேட்டன் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்?

"கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம்னா?"

"நாலு மணி நேரம் இருக்கும்மா."

அம்மா குனிந்தார். மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து காலரைப் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் ஆபீஸில் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவரின் குரலாக இருந்தது.

"இது எங்க வீட்டுக் குறி இல்ல."

நான் பேச வாயெடுத்தேன். அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

"எங்களுது கொக்கி இந்தப் பக்கம் பாக்கும். இது அந்தப் பக்கம் பாக்குது. முப்பது வருஷமா காலரத் திருப்பிப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? என் மகன் உடனே போயிட்டான். அவன் ஒண்ணும் அறியல. இது வேற யாரோ."

"அம்மா, அச்சுல வந்தா எல்லாம்…" என்று ஆரம்பித்தேன்.

"ஆமாம்மா" என்றார் சேட்டன், என்னைவிடச் சத்தமாக. "இவன் அவசரப்பட்டுட்டான். வேற யாரோதான்."

தகடு எனக்குப் பின்னால் இருந்தது. அதில் கொக்கி சரியான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இரண்டடி நகர்ந்தால் போதும், அவர் கண்ணில் பட்டிருக்கும். நான் நகரவில்லை. முதுகால் அதை மறைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். விரலில் தகட்டின் விளிம்பு பட்டது.

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"இதச் சுவத்துல மாட்டுவீங்களா?"

"நீங்க வேண்டாம்னா மாட்டல."

"வேண்டாம்னு சொல்ல நான் யாரு? மாட்டுங்க. யாரோட மகனோ."

ஆறாவது படத்தை அவர் பார்க்கவில்லை. வாசல்வரை போய்க் குடையை விரித்தவர் நின்று திரும்பினார்.

"நீங்க தமிழாளுதானே?"

"பாலக்காட்டுப் பக்கம்மா."

"அந்தப் பையன்கிட்ட அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

சேட்டன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடான்னு சொல்லிட்டே இருந்தேன்மா" என்றார். தமிழில் சொன்னார்.

அம்மா தலையை ஆட்டினார். அப்புறம் வெயிலுக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பஜார் ரோட்டுப் பக்கம் நடந்துபோனார்.

கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்த மனிதர் அவர். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இருந்த மை அன்றைக்கு அவருக்குப் போகவே இல்லை.

"தகட்டக் காட்டியிருந்தா அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்" என்றேன்.

"நீ ஏன் நகரல?"

பயம் என்று சொல்லலாம். அப்பாவின் வழக்கம் என் உடம்பில் இருந்தது என்றும் சொல்லலாம். சேட்டனுக்கு ஒரு பெயர் கிடைக்கிற மாதிரி வந்து, கை நழுவிப் போய்விட்டது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பையனின் பெயர் எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதன் பிறகு நான் அங்கே இருந்த ஒரு வருடத்தில் அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

டிசம்பரில் படங்களை மாட்டினோம். வெளிநாட்டுக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். பாண்ட் படத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா வரவில்லை.

கண்காட்சி தொடங்குவதற்கு முன்பே அந்த வீட்டு மூட்டை வந்துவிட்டது. அப்பா முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தார். விரிப்பு இரண்டு, தலையணை உறை, புடவைகள், ஒரு துண்டு. அடியில் ஒன்றும் இல்லை. மூட்டைத் துணியை ஒருமுறை உதறினார். புடவைகளைத் தனித்தனியாகப் பிரித்து, நடுவே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்ட."

"ம்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. விரிப்புகளைத் தொட்டியில் போட்டு மிதித்து அமுக்கினார். என் அம்மா மட்டும் உள்ளேயிருந்து, "சட்டை வரலையா?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து வெளுத்த துணிகளை அடுக்கி, அதே துணியில் அதே மாதிரி முடிச்சுப் போட்டார். மூன்று சட்டையளவு மூட்டை சிறுத்திருந்தது. முடிச்சு நிற்காமல் தளர்ந்தது. அவிழ்த்து, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"நீயே கொண்டுபோ" என்றார்.

கொண்டுபோனேன். அந்த அம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. மூட்டையின் கனத்தைக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.